எங்க மாநிலத்துல ஆள் கிடைக்காது

"உங்கம்மா மாநிலம் உசத்தியா, நம்ம மாநிலம் உசத்தியா? சொல்லும்மா, பார்ப்போம்."

பள்ளி விட்டு, அம்மா வேலை செய்யும் சட்டைக் கம்பெனிக்குப் போகும்போதெல்லாம் இஸ்திரி மாஸ்டர் என்னிடம் இதைத்தான் கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. அம்மா பக்கத்து மாநிலத்தில் பிறந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். நான் பிறந்தது இங்கே. எதைச் சொன்னாலும் ஒருவர் முகம் தொங்கும். "ரெண்டும்தான்" என்றால் இருவருமே என்னைத் திட்டுவார்கள்.

அம்மாவுக்கு அங்கே பேக்கிங் வேலை. இஸ்திரி முடிந்து வரும் சட்டையை மேசையில் குப்புறப் போட்டு, முதுகில் அட்டை வைத்து, கைகளை மடக்கி, காலருக்குள் பிளாஸ்டிக் பட்டையைச் செருகி, உறையில் போடவேண்டும். கை அதன் பாட்டுக்கு மடிக்கும். வாய் அதன் பாட்டுக்குப் பிறந்த மாநிலத்தின் பெருமையைப் பேசும். எதிர்மேசையில் ஆவி பறக்கும் பெட்டியோடு நிற்கும் மாஸ்டர் இதே ஊர்க்காரர். செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார்.

"மொத்த உற்பத்தியில நாமதான் முன்னாடி. பேப்பர்லயே போட்டிருக்கான்."

"மொத்தத்தை ஏன் பார்க்கறீங்க மாஸ்டர்? இங்க தலை அதிகம். தலைக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க."

"உங்க மாநிலத்துக் கடனையும் வகுத்துப் பாருங்கக்கா."

"கடன் குடுக்கறவன் ஆளைப் பார்த்துத்தானே குடுக்கறான்?"

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. டீ நேரத்துக்கு முன்னால் வந்து இறங்கும் சரக்குப் பெட்டியில் எந்த மாநிலத்தின் பெயர் இருக்கிறதோ, அந்தக் கட்சிக்கு வெற்றி. தோற்றவர் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வரவேண்டும். நூல் வந்தால் அம்மா ஜெயிப்பாள். துணி வந்தால் மாஸ்டர். பொத்தான் மட்டும் இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது மாநிலத்திலிருந்து வரும். அன்றைக்கு இரண்டு பேரும் வாய் திறக்காமல் சேர்ந்தே படியிறங்குவார்கள்.

நான் கடைசி வகுப்பில் இருந்தபோது முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். கம்பெனியைப் பக்கத்து மாநிலத்துக்கு மாற்றப்போகிறாராம். அங்கே நிலம் சலுகையில் கிடைக்கிறது, மின்சாரம் நிற்பதில்லை, துறைமுகம் வரைக்கும் நேர் சாலை. அம்மா இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததையே அவரும் சொன்னார்.

"ஜெயிச்சிட்டீங்கக்கா" என்றார் மாஸ்டர். அதில் கேலி இல்லை.

"உங்களுக்கென்னம்மா, சொந்த ஊரு. அங்க நீங்கதான் சூப்பர்வைசர்" என்றார் முதலாளி.

அப்பா டவுன் பஸ் ஓட்டுபவர். அவர் வேலையை மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது. அம்மா போகாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. போனாலும் மாஸ்டருக்கும் மெஷினில் தைக்கும் அக்காமார்களுக்கும் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுத் துணியெல்லாம் மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"உன் மாநிலம் இப்படிக் காலை வாரிடுச்சே" என்றார் அப்பா.

"அதை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். அந்த நிலையிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் எனக்கு விடுமுறை. நானும் கூடப் போனேன். முதலாளி உள்ளே வந்ததும் அம்மா மேசையை விட்டு எழுந்தாள்.

"சார், நீங்க சொன்ன ரோடு, கரண்டு எல்லாம் நிஜம். ஆனா அங்க சட்டையை யார் மடிப்பா?"

"ஏம்மா, ஆளா இல்ல?"

"இருக்காங்க, கார் கம்பெனியில. மிச்சப் பேரு கம்ப்யூட்டர் கம்பெனியில. என் தங்கச்சி பொண்ணு கண்ணாடி பில்டிங்ல ஏசியில உட்கார்ந்திருக்கா. மடிக்க வாம்மான்னு நீங்க கூப்பிட்டா போனை வச்சிடுவா. எங்க மாநிலம் அவ்வளவு உசந்துபோச்சு சார்."

முதலாளி சிரித்துவிட்டார். "நீங்க எப்பவும் இப்படித்தான் அளப்பீங்க. மாஸ்டர், நீங்க சொல்லுங்க. இது நிஜமா?"

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாஸ்டர் தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தார். தொண்டையைச் செருமினார்.

"தலைக்கு வருமானம் அங்கதான் சார் அதிகம்" என்றார். பிறகு சட்டையைப் பார்த்துக்கொண்டே, "அவங்க மாநிலம்தான் உசத்தி."

"மெஷினை ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு போர்டு மட்டும் வச்சுப் பாருங்க சார்" என்றாள் அம்மா.

முதலாளி அங்கே போய், 'ஆட்கள் தேவை' என்று போர்டு வைத்தார். வந்த ஒருத்தி, வீட்டு வாசலுக்கு வண்டி வருமா என்று கேட்டாளாம். இன்னொருத்தி ஏசி எங்கே என்று கேட்டாளாம். இங்கே கொடுப்பதைவிடக் கூட்டி அவர் சொன்ன சம்பளத்துக்கும் தலையாட்டிய ஒரே ஆள், நம் ஊரிலிருந்து அங்கே பிழைக்கப் போனவர். முதலாளி போர்டைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தார். கம்பெனி இங்கேயே நின்றது.

எல்லோரும் சந்தோஷமாக இருக்க, மாஸ்டர் மட்டும் உம்மென்று இருந்தார்.

"வேலை தப்பிச்சது சரிக்கா. ஆனா நாம மலிவுன்னுதானே சார் இங்கேயே இருக்காரு?"

"நான் அப்படிச் சொல்லலையே மாஸ்டர்."

"சொல்லலை. அர்த்தம் அதானே?"

அம்மாவின் கை நின்றது. பாதி மடித்த சட்டையை அப்படியே வைத்தாள். "அப்ப வாங்க, கேட்டுடுவோம்" என்று அவரையும் அழைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். அங்கே கொடுக்கத் தயாராக இருந்த சம்பளத்தை இங்கேயும் கொடுக்கச் சொன்னார்கள். முதலாளி முனகினார், மின்சாரக் கட்டணத்தைச் சொல்லிப் புலம்பினார். கடைசியில் கேட்ட உயர்வில் பாதிக்குச் சம்மதித்தார்.

அன்றைக்குச் சரக்கு எதுவும் வரவில்லை.

"கம்பெனி இங்கதான் இருக்கு. அதனால நான் ஜெயிச்சேன், டீ நீங்கதான்" என்றார் மாஸ்டர்.

"அது எப்படி? சார் முன்னாடி உங்க வாயாலயே ஒத்துக்கிட்டீங்களே?" என்றாள் அம்மா.

பொத்தான் வந்த நாள் போல இரண்டு பேரும் சேர்ந்தே படியிறங்கினார்கள். ஆனால் அன்று வாய் ஓயவில்லை.

நான் இப்போது பள்ளி முடித்துவிட்டேன். மாஸ்டர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதில்லை. கேட்டால் அவர் சொன்ன பதிலையே நான் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

எங்கேயாவது டீ குடிக்கும் இடத்தில், எந்த மாநிலம் உசத்தி என்று யாராவது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், அவர்களிடம் எங்கள் அம்மாவின் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். இஸ்திரி மாஸ்டர் காதுக்கு மட்டும் போகவேண்டாம்.