மூன்றாவது கேசட்

நெருக்கடி நிலைக் காலம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுவதால், புதுப்பட்டினத்தில் எங்கள் பேருந்தை நிறுத்திச் சோதிக்கிறார்கள். என் பையில் டேப்ரெக்கார்டரும் மூன்று ஜாஸ் கேசட்டுகளும்.

"போட்டுக் காட்டு" என்கிறார் போலீஸ் ஏட்டு.

முதலில் ஸ்விங் என்னும் துள்ளல் பாணி. அவருடைய பூட்ஸ் தன்னையறியாமல் தாளம் போடுகிறது. அடுத்து கூல் ஜாஸ். ட்ரம்பெட்டின் மெல்லிய குரலுக்குக் கண்டக்டர்கூடப் பேச்சை நிறுத்துகிறார். மூன்றாவது ஃப்ரீ ஜாஸ். சாக்ஸபோன் அலறியதும் ஏட்டின் முகம் இறுகுகிறது.

"இது இன்னா?"

"இதுவும் ஜாஸ்தாங்க. பாணிதான் வேற."

"தாளமே இல்லாம ஒருத்தன் ஊதிக்கினு கீறான்னா, யாருக்கோ சேதி சொல்றான். எறங்கு நீ."

ஜாஸைப் பற்றி நான் படித்த எந்த விமர்சகரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. பேருந்து நான் இல்லாமல் கிளம்புகிறது.