அந்தரத்தில் சேவ் ஆனவன்

செல்போன் கடைக்காரனுக்கு ரிப்பேர் பாதி, சமாதானம் பாதி. கடை வைத்து நொந்தவர்கள் தலையாட்டுவீர்கள். பட்டன் போன் காலத்தில், பென்னலூரில் இருந்த என் கடையில் கூடுதலாக ஒரு கிறுக்கும் உண்டு. டிவியில் மாட்டி, கேசட்டை ஓடவிட்டு ஆடிய அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கேம்களை, எமுலேட்டர் என்ற சாஃப்ட்வேர் போட்டு போனுக்குள் ஓட வைப்பேன்.

ஓடும் கோடுகள்

பேச்சிமுத்து திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. விளக்கோடு ஒருவன் குகை குகையாகத் தாவிப் போகும் கேமை அவனுக்குப் போட்டுக் கொடுத்தேன். கேசட் போலவே மெதுவாகத்தான் ஏறும். அதுவரை திரையோரம் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் மிதந்துகொண்டே இருக்கும். பாவம், காத்திருக்கிறானே என்று, பட்டனை அமுக்கியதும் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டேன். மறுநாளே வந்து நின்றான். ஷிப்ட் முடிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தபடி படுத்தால்தான் மெஷின் சத்தம் காதை விட்டு இறங்குமாம்.

"கேம் பொறவு வரட்டும்ணே, எனக்கு அந்தக் கோடு வேணும்."

ஒரே சேவ்

அவன் மனைவி மாரிச்செல்விக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை. எதிரெதிர் ஷிப்ட். இவன் பஸ்ஸை விட்டு இறங்குமுன் அவள் பஸ் ஏறியிருப்பாள். இரண்டு கம்பெனியிலும் போனை உள்ளே விடமாட்டார்கள்; அதனால் இருவருக்கும் ஒரே போன், அது வாடகை அறையிலேயே கிடக்கும். லைனில் வேலையை மாற்றிவிடுவது போலக் கேமையும் மாற்றிவிட்டார்கள். கிளம்புகிறவர் விட்ட இடத்தை சேவ் செய்வார். வருகிறவர் அங்கிருந்து நடப்பார். ஆளுக்கொரு சேவ் வைத்துக்கொள்ளலாமே என்றேன். பேச்சிமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ரெண்டு அடுப்பு வைக்கச் சொல்லுதியளாண்ணே?"

விழுந்துகொண்டே இருந்தவன்

தன் கம்பெனிக்கு மட்டும் விடுமுறையான ஒரு நாளில் மாரிச்செல்வி தனியாக வந்தாள். போன் கெட்டுவிட்டதாம், கேமைத் திறந்ததும் ஆள் செத்துப்போகிறானாம். வாங்கிப் பார்த்தேன். கம்பெனி பஸ் ஹாரன் கேட்ட அவசரத்தில், விளக்குக்காரன் பள்ளத்தில் விழும்போதே பேச்சிமுத்து சேவ் செய்துவிட்டு ஓடியிருக்கிறான். இருந்ததும் கடைசி உயிர். எத்தனை முறை திறந்தாலும் விழுவான், சாவான்.

முதலிலிருந்து ஆடேன் என்றேன். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்து நடந்தது அந்தக் குகைகளில்தான், அது போய்விடுமே என்று அழுதாள். "அழாதம்மா, இன்னா ஆச்சு இப்போ" என்று சொல்லி, சாகாவரம் கொடுக்கும் குறுக்குவழி ஒன்றைப் போட்டேன். விழுந்தவன் குகை வாசலில் எழுந்து நின்றான், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கேயே சேவ் செய்தேன். பெருமை தாங்காமல், வரத்தை அப்படியே விட்டுவைத்தால் இன்றைக்கே கேமை முடித்துவிடலாம் என்றும் சொன்னேன். அவள் பதறி, அதை உடனே எடுத்துவிடச் சொன்னாள்.

"முடிஞ்சிட்டுன்னா, பொறவு அவுகளும் நானும் எங்கண்ணே பாத்துக்கிடுதது?"

ஊரே கேமில் ஜெயிக்க வழி கேட்டு வந்த காலத்தில், ஜெயிக்காமல் இருக்க வழி செய்து கொடுத்துக் கும்பிடு வாங்கிய கடைக்காரன் அந்த ரோட்டில் நான் ஒருவன்தான்.