ஊசி போடாத டாக்டரும் ஒரு சாமைக் காடும்

என் வீட்டுக்காரர் மனோதத்துவம் படித்தவர். கல்லூரி வேலையை உதறிவிட்டுக் கொல்லிமலையில் போய் உட்காரலாம் என்று அவர் சொன்னபோது, முதலில் உங்கள் மனத்தை யாரிடமாவது காட்டுங்கள் என்றேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைக்குப் பஸ் கிடையாது, அடிவாரத்திலிருந்து நடந்துதான் ஏறினோம். வழியில் அட்டையைக் கண்டு அவர் குதித்த குதியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சோளக்காடு என்ற மலையூரில் குடியேறி, அவர் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார். மாத்திரை தரமாட்டார், நாடி பிடிக்கமாட்டார். வருகிறவர்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ஊசி போடாத டாக்டர் என்று பெயர் விழுந்தது. ஆனாலும் வந்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தவர்கள்கூட மாமியார் சண்டையைச் சொல்லிவிட்டுத் தெம்பாகத் திரும்பிப் போனார்கள்.

மலையின் இன்னொரு பகுதியான வளப்பூர் நாட்டிலிருந்து ஒருவர் தன் தம்பிக்காக வந்தார். தம்பியின் மனைவி ஆடி மாதம் மலைக்காய்ச்சலில் இறந்துபோனாராம். அன்றிலிருந்து தம்பி வாயே திறப்பதில்லை. சோற்றைக் கையில் கொடுத்தால்தான் உண்டு.

"அறுப்பு முடிஞ்சதும் டோலி கட்டித் தூக்கிட்டுப் போயி, பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில உட்டரலாம்னு இருக்கறமுங்க. திரும்பி வருவானான்னுதான் தெரியலீங்க" என்றார் அண்ணன்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். அந்த ஊரில் ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டுக்காரர் அந்தப் போகம் முழுக்கத் தன் காடு கழனியில் இறங்கக் கூடாது. அவர் வேலையை ஊரே கூடிச் செய்துகொடுக்கும். தம்பியின் சாமைக் காட்டிலும் களையெடுத்தார்கள், பன்றிக்குக் காவல் இருந்தார்கள். அவர் தப்பித் தவறி எழுந்தால், "நீ உக்காரு சாமி" என்று தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் ஊர் யாருக்கு வாய்க்கும்?

என் வீட்டுக்காரர் அடிக்கடி போய் அந்த மனிதரின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார். பிறகு ஒரு நாள் ஊராரிடம், "சாமையை நீங்க அறுக்காதீங்க. அவர் எந்திரிக்கிறதுக்கு ஒரு காரணம் மிச்சம் இருக்கட்டும்" என்றார்.

கொதித்துப் போனார்கள். "ஏனுங்க, சாவு ஊட்டுக்காரன் காட்டை உதிர உட்டுட்டு நாங்க எப்படிங்க சோறு திங்கறது?" என்று அண்ணன் சண்டைக்கே வந்துவிட்டார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த சந்தை நாள்வரை பொறுக்கிறோம், அதற்கு மேல் டோலிதான் என்றார்.

"அவர் எழுந்திருக்காவிட்டால்?" என்று நான் வீட்டில் கேட்டேன்.

"எழுந்திருக்காமலும் போகலாம்" என்றார்.

படித்த மனிதர் சொல்கிற பதிலா இது! அன்று அவருக்குக் காப்பி போட்டுத் தரவில்லை.

சந்தை நாளும் வந்தது. நாங்களும் அங்கே போயிருந்தோம். சாமை பழுத்துத் தலை சாய்ந்து கிடக்க, குருவிகள் கூட்டமாக இறங்கின. வாசலில் டோலி தயார். தூக்குகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிவிட்டார்கள். அந்த மனிதர் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, கூரை எரவாணத்தில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு காட்டில் இறங்கினார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே வரப்புவரை ஓடினோம்.

ஒரு பிடி அறுத்தார். இன்னொரு பிடி. பிறகு கதிர்களை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்து பெருங்குரலெடுத்து அழுதார்.

"அவ வெதச்சதுண்ணா! அவ கையால வெதச்சதுண்ணா!"

ஆடிக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். தம்பியைத் தூக்க ஓடிய அண்ணனை என் வீட்டுக்காரர் பிடித்து நிறுத்தினார். "அழட்டும், விடுங்க." அண்ணனின் தோளைப் பிடித்தபடியே, "நல்லவேளை, நல்லவேளை" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார். இத்தனை நாளும் இந்த மனிதரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்! காப்பி தராத என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. ஊர் பார்க்கிறதே என்றுதான் அவரைக் கட்டிக்கொள்ளாமல் விட்டேன்.

காட்டில் வெகு நேரம் அழுகை கேட்டது. மெல்ல அடங்கியது. தம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரப்பில் கைகட்டி நின்ற எங்கள் எல்லோரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"கதிரு உதிருது. அல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்றார்.