காட்டுக்குள் காயப்போட்ட துணி

முதல் தடவை எனக்கு ஒழுகியது என்னுடைய பிரியாவிடை வைபவத்தில். கழுத்தில் போட்ட மாலையில் இருந்த ஏதோ பூ மூக்கில் ஏற, தும்மினேன். இரண்டாவது தும்மலோடு உள்பாவாடை நனைந்தது. பிரதேச செயலகத்தின் நிர்வாக உத்தியோகத்தர் நான். பேச்சாளர்கள் என் ஒழுங்கைப் புகழ்ந்துகொண்டிருக்க, சூடான ஈரத்தில் அசையாமல் இருந்தேன். எல்லோரும் கேக் சாப்பிட்டுக் கலையும்வரை அந்தக் கதிரையைவிட்டு எழும்பவில்லை. எவ்வளவு அடக்கமான மனுசி என்று பிறகு கதைத்தார்களாம்.

இதே வருத்தம் இருந்தும் யாருக்கும் சொல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாசிக்க அருவருப்பாக இருக்கும். எழுதவும் அப்படித்தான் இருக்கிறது. மூத்திரம் மணக்கும், தொடை வெந்துபோகும், சேலையின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிடும். இதில் அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு வருடம் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு அப்பால் நான் போகவில்லை. கலியாணங்களைத் தவிர்த்தேன். செத்த வீடுகளில் வாசலோடு நின்று திரும்பினேன்.

"இஞ்சாரும், ஏன் நீர் ஒரு இடமும் வாறீர் இல்லை?" என்று கணவர் கேட்டார்.

"முழங்கால்" என்றேன். அந்த மனிசன் இரண்டு வருடம் பின்னேரங்களில் என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தார். நானும் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

கடைசியில் போன பெண் டொக்டருக்கு என் மகளின் வயது.

"எத்தனை பிள்ளை, அம்மா?"

"மூண்டு. எல்லாம் சுகப் பிரசவம்."

"இருமினா, தும்மினா, பாரம் தூக்கினா போகுதோ?"

"ஓம்."

"சிரிச்சா?"

"நான் அவ்வளவாச் சிரிக்கிறதில்லை."

அவர் சிரித்தார். அழுத்தச் சிறுநீர்க்கசிவு (வயிற்றில் அழுத்தம் கூடும்போது தளர்ந்த தசைகள் சிறுநீரைப் பிடித்துவைக்க முடியாமல் விடுவது) என்றார். இடுப்புத்தளப் பயிற்சி (சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) சொல்லித் தந்தார். சத்திர சிகிச்சையைப் பிறகு பார்க்கலாம் என்றார். எப்போது குடித்தேன், எப்போது போனேன், எப்போது ஒழுகியது என்று எழுத ஒரு படிவம் தந்தார். அதில் திகதிக்கு இடமில்லை. வீட்டுக்கு வந்து திருத்தி வரைந்துகொண்டேன்.

ஆடியில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகலாமா என்று அவரிடம் கேட்டிருந்தேன். திருகோணமலைப் பக்கத்திலிருந்து ஒரு மாத நடை. உடுப்பு, படுக்கை எல்லாம் முதுகில். பக்தியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த நடையை முடித்தால் நான் எங்கேயும் போகலாம். முடியாவிட்டால் மிச்சக் காலமும் அந்தக் குளியலறைக்குப் பக்கத்தில்தான்.

"நடக்கலாம். பாரத்தைக் குறையுங்கோ. பையின்ட இடுப்புப் பட்டியை இறுக்காதேங்கோ, வயித்தை அழுத்தும். தண்ணியை மட்டும் குறைக்காதேங்கோ."

மூன்றையும் எழுதிக்கொண்டேன். மூன்றாவதை மீறினேன்.

மூதூரில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்தேன். பெண்கள் பத்துப் பேர். முன்னால் நடந்தவர் பூமணி அக்கா, தோப்பூர்ப் பக்கம் வயல் செய்கிறவர். கரையோர ஊர்களில் சமாளித்தேன். கோயில்களில் கழிப்பறை இருந்தது. ஈரமான அணையாடைகளை (கசிவை உறிஞ்சக் கடையில் வாங்கிக் கட்டும் பஞ்சுப் பட்டைகள்) கட்டிப் போடக் குப்பைத்தொட்டி இருந்தது. உகந்தைக்குப் பிறகுதான் காடு. ஆறு நாள். இடையில் திரும்ப ஏலாது.

காட்டு வாசலில் பைகளைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் எதையும் உள்ளே விட்டுவரக் கூடாது. காவலர் என் பையைத் திறந்து ஒரு பொதியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"மருந்துச் சாமான்."

"பாவிச்சா குப்பையைத் திருப்பிக் கொண்டு போகவேணும்."

நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரு நாளைக்கு நாலு, ஆறு நாளைக்கு இருபத்துநாலு என்று கணக்குப் பார்த்துக் கொண்டுபோன எனக்கு ஒரு விசயம் தோன்றவில்லை: பாவித்த அணையாடை புதியதைவிடக் கனம். மற்றவர்களின் பொதி நாளுக்கு நாள் குறைந்தது. என்னுடையது ஏறியது. நான் என் மூத்திரத்தை முதுகில் சுமந்துகொண்டு யானைக்காட்டுக்குள் நடந்தேன். வெயில் ஏற ஏற அது பைக்குள் வேகிற மணம் எனக்குத் தெரிந்தது. வரிசையின் கடைசிக்குப் போனேன்.

"மிஸ், ஏன் கடைசியில வாறீங்கள்? ஆனை கடைசி ஆளைத்தான் பிடிக்குமாம்" என்றார் பூமணி அக்கா.

"பிடிக்கட்டும்."

தண்ணீரைக் குறைத்தேன். குடிக்காவிட்டால் ஒழுகாது என்பது என் நியாயம். படித்தவள் செய்யும் மடத்தனம் இது, நீங்கள் செய்யாதீர்கள். சிறுநீர் தேயிலைச் சாயம்போல வந்தது, குறைவாக வந்தது, எரிந்துகொண்டு வந்தது. ஒழுகுவது மட்டும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு குட்டையடியில் தங்கினோம். எனக்குத் தலை சுற்றியது. குடிக்காமல் இனி நடக்க முடியாது என்று தெரிந்தது. தண்ணீரோ எருமை உழக்கிய நிறம். பக்கத்துப் பற்றையில் வெள்ளைத் துணித்துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. மூதூரிலிருந்தே தங்கும் இடமெல்லாம் அவற்றைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வடிக்கிற துணி என்று நானே முடிவுசெய்திருந்தேன். ஒன்றை எடுத்துப் போத்தல் வாயில் கட்டி, வடித்து, இரண்டு மிடறு குடித்தேன்.

பூமணி அக்கா ஓடிவந்தார்.

"ஐயோ மிஸ்! அதை வையுங்கோ!"

"ஏன்? சுத்தமாத்தானே இருக்கு."

"சுத்தம்தான். ஆனா அது கீழுக்கு."

"எதுக்குக் கீழ?"

"எனக்குக் கீழ, மிஸ்."

குட்டைக் கரையில் குந்திச் சத்தி எடுத்தேன். பின்னால் பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி தொடைகளை நெருக்கிக்கொண்டு, "சிரிக்க வைக்காதேங்கோடி, எனக்கும் போகுது!" என்று கத்தினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சத்தியும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் எந்தத் தசையும் தாங்காது. மண்வரை நனைந்தது.

"எனக்கும் இருக்கு" என்றேன். டொக்டரைத் தவிர வேறு ஆட்களிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும், மிஸ்" என்றார் பூமணி அக்கா. "மூதூரில இருந்தே மணந்தது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்க பெரிய உத்தியோகம் பாத்த ஆள். உங்களிட்டப் போய் எப்பிடிக் கேக்கிறது?"

அவருடைய முறை இதுதான். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஐந்து மடிப்பில் தைத்த ஆறு துண்டுகள். தங்கும் இடத்தில் அலசி, வெயிலில் காயவைத்து, ஈரம் மிஞ்சினால் பையின் பின்பக்கம் ஊசியால் குத்திக்கொண்டு நடப்பார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், வந்தாலும் வராவிட்டாலும், பற்றைக்குப் போவார். மூன்று துண்டுகளை எனக்குத் தந்தார்.

"வடிச்சதைத் தரேல்லை, பயப்பிடாதேங்கோ."

அடுத்தவர் துணியை உடுத்த உடம்பு கூசியது. உடுத்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து நிறையக் குடித்தேன். எரிவு தணிந்தது, முழுதாக நிற்கவில்லை. ஆறாம் நாள் காட்டைவிட்டு வெளியே வந்து, முதல் கண்ட குப்பைத்தொட்டியில் என் பாரத்தைப் போட்டேன். கதிர்காமத்து ஆற்றில் எல்லோரும் முழுகி, ஈரச் சேலையோடு கோயிலுக்குப் போனோம். எது ஆற்றுத் தண்ணீர், எது என்னுடையது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் டொக்டரிடம் சொன்னேன். பரிசோதனையில் சிறுநீர்த்தொற்று (சிறுநீர்ப் பாதையில் கிருமி பெருகுவது) இருந்தது. "அந்தத் துணியாலதான்" என்றேன்.

"துணியால இல்லை, அம்மா. தண்ணி குடிக்காததால" என்று மருந்து எழுதினார்.

பயிற்சி செய்கிறேன். பூமணி அக்காவைப்போல இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் போகிறேன். முன்னையைவிடக் குறைவு, ஆனாலும் ஒழுகுகிறது. அருவருப்பு அப்படியே இருக்கிறது. அதைப் போக்கித் தருவதாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

துணித்துண்டுகளை இப்போது துறைமுகம் பார்த்த கொடியில் வெளிப்படையாகக் காயப்போடுகிறேன். கணவர் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப முழங்கால்?"

"முழங்காலுக்கு அப்ப ஒண்டுமில்லை."

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.

"இப்ப நடந்து வந்த கால்தானே. நோகும்."

உண்மையாகவே நொந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். அடுத்த தரத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. காலை நீட்டினேன்.