புளியோதரை சாப்பிடும் துப்பறிவாளர்

நான் கதையில் படித்த ஆளை வேறு யாராவது படமாகவோ வேஷமாகவோ காட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூக்கு இப்படியா இருக்கும், நடை இப்படியா இருக்கும் என்று பக்கத்தில் இருப்பவர் காதைக் குடைந்துவிடுவேன். "நீ நாடகம் பாக்க வந்தியா, பரீட்சை வைக்க வந்தியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். இரண்டும்தான். இந்த வியாதி எனக்கு ஸ்ரீரங்கத்தில், அரைகுறையாக எழுத்துக் கூட்டத் தெரிந்த வயதில், ஒரு துப்பறிவாளரால் வந்தது.

அவர் ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதையில் வந்தவர். கதையில் அவருக்குக் கம்பீரமான பெயர் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை. எனக்கு அவர் 'மாமா'. அம்மாவுக்கு 'அந்தப் பிள்ளையாண்டான்'. திருச்சி கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் அண்ணா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜங்ஷன் புத்தகக் கடையில் பத்திரிகையை வாங்கி வந்து ஊஞ்சல் பலகையில் வைப்பார். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் மன்னி, அதாவது அண்ணாவின் மனைவி, கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். அம்மா விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டே கேட்பாள். நான் மன்னியின் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு கேட்பேன். அப்பாவுக்குக் கதை என்றாலே ஆகாது. அவர் உள்ளே போய்த் தூங்கிவிடுவார்.

எழுத்து வாசனை உள்ள வீட்டிலிருந்து வந்தவள் மன்னி. தெப்பக்குளத்துப் பக்கம் அவள் பிறந்தகம். கல்யாணமாகி வரும்போது ட்ரங்குப் பெட்டியின் அடியில் ஒரு நாவலும் கொண்டுவந்தாள். அதன் அட்டையில் ஒரு ஆணும் பெண்ணும் நெருக்கமாக நின்றார்கள். அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் போட்டாள். அன்றைக்கு அப்பா குளித்த வெந்நீர் அந்த நாவலில்தான் காய்ந்தது. மன்னி கிணற்றடியில் நின்று வெகுநேரம் முகத்தை அலம்பிக்கொண்டிருந்தாள் என்று அண்ணா பிற்பாடு சொன்னார். அப்புறம் அண்ணாதான் மெல்லப் பேசி, வாரத்துக்கு ஒரு பத்திரிகை, அதுவும் எல்லார் எதிரிலும் உரக்கப் படிப்பது என்று உத்தரவு வாங்கினார். "ஆத்துக்கு ஆகாத வார்த்தை ஒண்ணு காதுல விழுந்தாலும், மறுபடியும் வெந்நீர் அடுப்புதான்" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். மன்னிக்கு அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

மாமாவைப் போல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. சிக்கலான கட்டம் வந்தால் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுப்பார். அதில் புளியோதரை இருக்கும். ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினால் யார் திருடன் என்று தெரிந்துவிடும். திருடனைத் துரத்திக்கொண்டு போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றி, கால் அலம்பாமல் உள்ளே நுழைய மாட்டார். நெற்றியில் பளிச்சென்று திருமண். காலையில் எழுந்ததும் இட்லியும் மிளகாய்ப்பொடியும். "ஆசாரமா வளர்ந்திருக்கு பிள்ளை" என்று அம்மா மெச்சிக்கொள்வாள்.

அம்மாவுக்குத் துப்பறிகிற மூளை இருந்தது. "பாத்துண்டே இரு, அந்த வக்கீல்தான் கள்ளச்சாவி பண்ணியிருப்பான்" என்று மன்னி படிக்க ஆரம்பிக்கும் முன்பே சொல்லுவாள். கடைசியில் வக்கீல்தான். ஒரு வாரம் கூடத் தப்பியதில்லை. எழுத்து வாசனையே இல்லாத அம்மாவுக்கு இத்தனை சாமர்த்தியமா என்று நாங்கள் வாயைப் பிளப்போம். ஊரிலிருந்து கார்டு வந்தால் கூட, "எனக்கு எங்கே தெரியறது, நீயே வாசி" என்று அண்ணாவிடம் நீட்டுகிறவள் அவள்.

என் சண்டையெல்லாம் படம் போட்டவரோடுதான். வாராவாரம் கதைக்கு நடுவே மாமாவின் படம் இருக்கும். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், நெற்றி பாழ்நெற்றி! டப்பாவையே காணோம். வாயில் மட்டும் கட்டையாக எதையோ கடித்துக்கொண்டு நின்றார்.

"மன்னி, வாயிலே என்னது?"

மன்னி படத்தைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "பென்சில்டி. யோசிக்கறபோது பென்சிலைக் கடிச்சுக்கற வழக்கம்."

"அதுலேருந்து புகையா வரதே?"

"அது புகையில்லை. புளியோதரை ஆவி."

"டப்பாவிலே வெச்ச புளியோதரை ஆறின்னா போயிருக்கும்?"

மன்னி பக்கத்தைத் திருப்பினாள். "படம் போடறவா பட்டணத்துலே இருக்கா. கதையைப் படிக்கறதே இல்லை. கைக்கு வந்ததைப் போட்டுடறா" என்றாள். அம்மாவும் திரியிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமாம், பட்டணத்துக்காராளுக்கு என்ன தெரியும்" என்று ஒத்துப் பாடினாள்.

படிக்காமல் படம் போடுகிற அயோக்கியன்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானே அவரைத் திருத்த உட்கார்ந்தேன். கண் மையால் தொப்பியைத் தலைப்பாகையாக மாற்றினேன். பூட்ஸை அழித்து விரல் வரைந்தேன். அப்பாவின் பெட்டியிலிருந்து நாமத்துக்கு இடும் சிவப்பு ஸ்ரீசூர்ணம் எடுத்து நெற்றி நிறைய, எங்கள் தென்கலை வழக்கப்படி மூக்கில் பாதம் இறங்க, திருமண் இட்டேன். எதிர்வீட்டுப் பெண் தன் பத்திரிகையில் அவர்கள் வடகலை வழக்கப்படி பாதம் இல்லாமல் இட்டுவைத்தாள். "மாமா எங்களவா!" "இல்லை, எங்களவா!" என்று தெருவில் மயிரைப் பிடித்துக்கொண்டோம். பெரியவர்களே தீர்த்துக்கொள்ளாத வழக்கை நாங்கள் எங்கே தீர்ப்பது? வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு வாரம் மாமாவை நெல் கிடங்கில் போட்டுப் பூட்டி, வெளியே தீ வைத்துவிட்டார்கள். 'தொடரும்' என்று முடித்துவிட்டான் பாவி. அந்த வாரம் முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சனிக்கிழமை காலையில் மன்னி தூரமாகிவிட்டாள். அந்தக் காலத்து வழக்கப்படி மூன்று நாள் கொல்லைப்புறத்து அறையில்தான் இருக்க வேண்டும். கூடத்துக்கு வரக்கூடாது, வீட்டுச் சாமான் எதையும் தொடக்கூடாது. பத்திரிகையும் வீட்டுச் சாமான்தானே.

மத்தியானம் அம்மா திரியை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "நீதான் ஸ்கூலுக்குப் போறயே, வாசி."

கொல்லைப்புறத்திலிருந்து மன்னியின் குரல் பதறிக்கொண்டு வந்தது. "அம்மா, மூணு நாள் பொறுத்துக்கலாமே! அவளுக்குக் கொம்பு கால் இன்னும் சரியா வரலை!"

"மூணு நாளும் அந்தப் பிள்ளையாண்டான் நெருப்பிலேயே கிடக்கணுமா? வாசிடி."

நான் விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். கிடங்கு முழுதும் புகை. கதவு பூட்டிக் கிடக்கிறது. மாமா பதறவில்லை. 'அவர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு' என்று படித்துவிட்டு, அடுத்த வார்த்தையை மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். சு, ரு, ட், டு. இன்னொரு தடவை கூட்டினேன். அப்படியேதான் இருந்தது. சுருட்டை எடுத்துப் பற்ற வைத்தாராம். மாமா! சுருட்டு!

கூடத்தில் அம்மா அடுத்த திரியை எடுத்தாள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. படம் போடுகிறவன் கதையைப் படிப்பதில்லை என்று மன்னி சொல்லியிருக்கிறாள். அச்சுக் கோக்கிறவனும் படிப்பதில்லை! பட்டணத்தில் ஒருவர் கூடக் கதையைப் படிக்காமலே பத்திரிகை போடுகிறார்கள். மாமாவை எனக்குத் தெரியாதா? ஆத்திரத்தில் குரல் உயர்ந்தது.

"ஒரு டப்பாவை எடுத்தார். புளியோதரை சாப்பிட்டார்" என்று படித்தேன்.

கொல்லைப்புறத்தில் ஏதோ பாத்திரம் உருண்டது.

அதற்கப்புறம் எனக்குத் தடையே இல்லை. மாமா பூட்ஸ் காலால் கதவை உதைத்தார் என்று அச்சில் இருந்தது. அலம்பாத காலாலா? நெல் கிடங்கில் தண்ணீர் ஏது என்று ஒரு நிமிஷம் திண்டாடினேன். மூலையில் ஒரு தவலையைக் கொண்டுவந்து வைத்தேன். மாமா அதில் நன்றாகக் கால் அலம்பிக்கொண்டு, மிச்சத் தண்ணீரைத் தீயில் கொட்டி அணைத்துவிட்டு, நிதானமாக வெளியே வந்தார். அச்சில் என்னவோ தீயணைக்கும் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. அதை நான் உள்ளே விடவில்லை.

"நன்னா வாசிச்சே" என்று அம்மா திரியைச் சுருட்டி வைத்தாள்.

நான் கொல்லைப்புறம் ஓடி, தொடாத தூரத்தில் நின்று, "மன்னி, அச்சுலேயும் தப்பாப் போட்டிருக்கா! மாமா சுருட்டுப் பிடிக்கறார்னு போட்டிருக்கா!" என்று முறையிட்டேன். மன்னி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, வாயோ சிரித்தது. "ஆமாண்டி கண்ணு, தப்பாத்தான் போட்டிருக்கா. நீதான் சரியா வாசிச்சே" என்றாள். என்னைத் தூக்கிக் கொஞ்ச முடியாமல் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் தளிகை உள்ளில், அதாவது சமையலறையில், அம்மாவுக்குத் தேங்காய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா துருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏண்டி, தீயணைக்கிற வண்டி வந்ததே, அதை எங்கே ஒளிச்சு வெச்சே?"

என் கையிலிருந்து தேங்காய் மூடி விழுந்தது.

"விடியக்காலம் குளிக்கப் போறதுக்கு முன்னாடி பாத்துடுவேன். குளிச்சு மடியா வந்துட்டா அப்புறம் காகிதத்தைத் தொட முடியாதே. எங்கப்பா எனக்கு வாசிக்கக் கத்துக் குடுத்திருக்கார். இந்தாத்துலே யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

வக்கீல்தான் திருடன் என்று அம்மா எப்படி முன்கூட்டியே சொன்னாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய இடி இன்னொன்று. "அப்போ மாமா நெஜமாவே சுருட்டுப் பிடிப்பாரா?" என்று கேட்டேன். அழுகை முட்டியது.

"பிடிப்பான். முட்டை கூடத் திம்பான்" என்றாள் அம்மா ஈவிரக்கமில்லாமல்.

நான் ஓவென்று அழுதேன். உறவுக்காரர் செத்தால் கூட அப்படி அழுததில்லை. அம்மா தேங்காய்க் கையோடு குனிந்து, "வாயை மூடு, மன்னி காதுலே விழப்போறது. நான் படிக்கறேன்னு தெரிஞ்சா அவ பயந்துண்டு உள்ளதை உள்ளபடி வாசிச்சுடுவா. அந்தச் சுருட்டுக்காரன் கதையை யாருக்கு வேணும்? எனக்கு இவ சொல்ற பிள்ளைதான் வேணும்" என்றாள்.

"அன்னிக்கு மன்னி புஸ்தகத்தை மட்டும் எரிச்சயே?"

"அதுவா? அதையும் ரெண்டு பக்கம் பாத்துட்டுத்தான் போட்டேன். கதையே நன்னாயில்லை."

அப்புறம் ஒரு துருவல் துருவிவிட்டு, "அவனுக்கு வாராவாரம் புளியோதரையே குடுத்தா வயத்துக்கு ஆகுமோ? ஒரு நாள் ததியோன்னம் குடுக்கலாம்" என்றாள். சேதியை நான் என் யோசனையாக மன்னியிடம் சேர்த்தேன். அடுத்த சனிக்கிழமை மாமா டப்பாவைத் திறந்தார். கடுகு தாளித்த தயிர் சாதம் இருந்தது. அம்மாவின் கைத்திரி ஒரு கணம் நின்றது. "சமத்து" என்றாள்.

பல வருஷம் கழித்து, யுத்த காலத்தில், நான் கல்யாணமாகிப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். தொழிற்சாலை ஆட்கள் சேர்ந்து மைதானத்தில் பந்தல் போட்டு அந்தத் துப்பறியும் கதையை நாடகமாக நடத்தினார்கள். நாடகம் என்றால் முகம் சுளிக்கிற அம்மா, "அந்தப் பிள்ளையாண்டானைப் பாக்கணும்" என்று மன்னியையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் பெண்கள் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். மன்னிக்கு அதற்குள் காதோரம் நரை கண்டிருந்தது. அம்மாவின் ரகசியத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

திரை தூக்கினார்கள். தொப்பியும் பூட்ஸுமாக ஒரு குண்டு மனிதர் நடுமேடைக்கு வந்தார். சட்டைப்பையில் கைவிட்டார். ஒரு சாண் நீளச் சுருட்டு. தீக்குச்சியைக் கிழித்து, நிஜமாகவே பற்றவைத்து, குபுகுபுவென்று புகைவிட்டார். பந்தலெல்லாம் நாற்றம்.

இருட்டில் மன்னியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. இத்தனை வருஷத்துச் சனிக்கிழமைகளும் இப்போது அம்பலமாகப் போகின்றன என்று அவளுக்குப் பயம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, வேஷத்தைப் பற்றி நான் குறை சொல்லவில்லை.

அம்மா மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பிறகு, முன்வரிசையில் இருந்த பெரிய உத்தியோகஸ்தர்கள் வீட்டுப் பெண்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்.

"கஷ்டம்! வேஷம் போடறவன் கதையைப் படிக்கவே இல்லை. படிச்சிருந்தா டப்பாவோட வந்திருப்பான்."

மன்னி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டில் இருந்த பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது.