துஷாந்திக்கு எழுதிய வருத்தங்கள்

ஜெகதீஸ்வரி எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசிக் கட்டடம் அது. ரயில் போகும்போது யன்னல் கண்ணாடிகள் அதிரும். நாங்கள் அவருக்குக் கீழ் மாடி. அவருடைய கணவர் பொன்னம்பலம் வவுனியாவில் தபாலதிபராக இருந்தபோது காய்ச்சல் வந்து இறந்துபோனார். அப்போது மகள் துஷாந்திக்கு நாலு வயது. அதற்குப் பிறகு தாயும் மகளும்தான்.

நகர நடுவில், கோட்டைப் பகுதியில், ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் அவருக்குத் தட்டெழுத்து வேலை. அதிகம் கதைக்காத மனுஷி. ஒருவரிடமும் உதவி கேட்கத் தெரியாது. படிக்கட்டு விளக்கு எரியாவிட்டால் எங்களில் யாராவது வீட்டுக்காரருக்கு அறிவிப்போம் என்று இருக்கமாட்டார். தானே கதிரை ஒன்றை வைத்து ஏறி மாற்றிவிட்டுப் போவார்.

1996 தை மாதக் கடைசியில் கோட்டையில் குண்டு வெடித்த அன்று அவர் அலுவலகத்தில்தான் இருந்தார். கண்ணாடி உடைந்து நெற்றியில் வெட்டியது. பெரிய காயமில்லை. கீழே இறங்கி, ஓடுகிறவர்களோடு சேர்ந்து காலிமுகத்திடல் பக்கமாக நடந்தார். வழியில் பொலிஸ்காரர் அடையாள அட்டையைப் பார்த்து அவரை மறித்துவிட்டார்கள். தமிழ்ப் பெயர், உடுப்பில் இரத்தம், கையில் பையும் இல்லை. ஒரு சிறிய பொலிஸ் நிலையத்தின் வாங்கில் பின்னேரம் வரை இருத்தி வைத்து, கம்பனி முகாமையாளர் வந்து சொன்ன பிறகே விட்டார்கள்.

துஷாந்திக்கு அப்போது எட்டு வயது. மற்றப் பிள்ளைகளை எல்லாம் வீட்டார் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் காவற்காரரோடு அவள் மட்டும் நின்றாள். கோட்டையில் எல்லாரும் செத்துப்போனார்கள் என்று யாரோ பெரியவர்கள் கதைத்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. இருட்டுப்படும் நேரத்தில் தாய் வந்தார். நெற்றியில் துணிக்கட்டு, சேலையில் காய்ந்த இரத்தம். பிள்ளை அழவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த கிழமையிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவள் கதைப்பதை நிறுத்திவிட்டாள். வீட்டில் தாயோடு குசுகுசுப்பாள். படியில் எங்களைக் கண்டால் சிரிப்பாள், அவ்வளவுதான். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுதிக் காட்டுவாள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஏழு வயதிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து பேப்பர் வாசித்த பிள்ளை அது.

பங்குனியில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் காலி வீதியில் ஒரு லொறியின் ரயர் வெடித்தது. துஷாந்தி கதிரையிலிருந்து விழுந்தாள். உடம்பு விறைத்து, கைகள் பொத்தியபடி, கண் திறந்தே இருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலையில் வயர்கள் பூட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். கடைசியில் டொக்டர் பேர்னாட் என்ற மனநல வைத்தியரிடம் அனுப்பினார்கள். கொட்டாஞ்சேனைக்காரர், வயதானவர். பிள்ளையோடு நிலத்தில் இருந்து படம் கீறிப் பார்த்தாராம்.

"பிள்ளைக்கு வலிப்பு இல்லை," என்றார் தாயிடம்.

"அப்ப என்ன வருத்தம், டொக்டர்?"

"பயம். நீங்கள் திரும்பி வராமல் விட்டால் என்ன செய்யிறது எண்ட பயம். அது உடம்பைப் பிடிச்சிட்டுது, வாயையும் பிடிச்சிட்டுது. மாறும். கொஞ்சக் காலம் கிழமைக்கு ஒருக்கா நான் பார்க்கவேணும்."

கம்பனி தன் ஊழியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவக் காப்புறுதி எடுத்து வைத்திருந்தது. ஜெகதீஸ்வரி காப்புறுதிக்காரர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் கதைத்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தார். மனம், நரம்புத் தளர்ச்சி சம்பந்தப்பட்ட எதற்கும் அந்தத் திட்டத்தில் இடமில்லை. "வலிப்பு எண்டால் குடுக்கலாம் மிஸ்ஸிஸ் பொன்னம்பலம். பயம் எண்டு எழுதினால் நாங்கள் ஒண்டும் செய்யேலாது."

ஜெகதீஸ்வரி திரும்பிப்போய் வைத்தியருக்கு முன்னால் இருந்தார். எதுவும் கேட்கவில்லை. காப்புறுதிக்காரர்கள் சொன்னதை மட்டும் சொன்னார். டொக்டர் பேர்னாட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் இங்க ஒண்டை எழுதினால் அது உங்கட பிள்ளையோட கூடவே போகும், அம்மா."

"எனக்கு விளங்குது டொக்டர்."

"அந்த வயர் பூட்டின படத்தில ஒரு இடத்தில கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. எந்தப் பிள்ளைக்கும் இருக்கக்கூடியதுதான். அதை வைச்சு, வலிப்பு எண்டு சந்தேகம் எண்டு போடுறன். சந்தேகம் எண்ட சொல்லை விடமாட்டன்."

அப்படியே எழுதினார். காப்புறுதி ஏற்றுக்கொண்டது. துஷாந்தி கிழமைக்கு ஒருமுறை அவரிடம் போய் வந்தாள்.

வராத நாட்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தியக் கடிதம் கேட்டது. ஜெகதீஸ்வரியிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அதன் பிரதியைக் கொடுத்தார். பிள்ளையின் சுகாதார அட்டையில் எழுதிய பள்ளிக்கூடக் கிளாக்கர், இடம் சிறிதாக இருந்ததாலோ என்னவோ, வலிப்பு என்று மட்டும் எழுதினார். சந்தேகம் அங்கே விழுந்துபோயிற்று.

அதற்குப் பிறகு துஷாந்தி நீச்சலுக்குப் போகக்கூடாது, வலைப்பந்து விளையாடக்கூடாது, பள்ளிக்கூட மேல்மாடிக்கு ஏறக்கூடாது. ரீச்சரின் மேசைக்குப் பக்கத்தில் அவளுக்குத் தனி வாங்கு போட்டார்கள். வலிப்பு வந்தால் கையில் கொடுப்பதற்கென்று வகுப்புத் தலைவியிடம் இரும்புச் சாவிகள் கோர்த்த ஒரு திறப்புக்கோர்வை இருந்தது. பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போது விழுவாள் என்று. ஏற்கெனவே கதைக்காத பிள்ளை இப்போது எழுதிக் காட்டுவதையும் விட்டுவிட்டாள்.

அந்த வருட முடிவில் பள்ளிக்கூட அதிபர் ஜெகதீஸ்வரியைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் விசேட பிரிவு என்று ஒரு சின்ன வகுப்பு இருந்தது. படிப்பு மெதுவாக வரும் பிள்ளைகளுக்கானது. மேபல் என்ற ரீச்சர் அதற்கென்றே பயிற்சி எடுத்தவர். அங்கே போனால் துஷாந்தியை அருகில் இருந்து கவனிப்பார்கள் என்றார் அதிபர். ஆனால் மந்தபுத்தி என்று அரசாங்க வைத்தியர் ஒருவர் எழுதிக் கொடுக்கவேண்டும்.

"என்ர பிள்ளை மந்தபுத்தி இல்லை."

"எனக்கும் தெரியும். ஆனால் வேற பேரில எடுக்க எனக்கு வழியில்லை." அதிபர் கொஞ்சம் தயங்கிவிட்டு மற்றதையும் சொன்னார். "பத்துப் பிள்ளை இருந்தால்தான் அந்தப் பிரிவை நடத்த விடுவினம். இப்ப ஒன்பது. இல்லாட்டில் அந்த ஒன்பதையும் வீட்டுக்கு அனுப்பவேண்டி வரும். ஒளிக்காமல் சொல்லுறன்."

அன்று பின்னேரமே மேபல் ரீச்சர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி மாறி எங்கள் கட்டடத்துக்கு வந்தார். நான் அப்போது மேலே பால்மா ரின் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். துஷாந்தியை அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து அவளுடைய புத்தகத்தைப் பார்த்தார். பிறகு தாயிடம் சொன்னார்.

"அக்கா, எனக்கு இந்தப் பிள்ளை வேணும். என்ட வகுப்புக்கு வந்தா கதைப்பாள் எண்டு நினைக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தப் பேரை வைக்கிறது லேசு. எடுத்ததை நான் இன்னும் பாக்கல்ல."

ஜெகதீஸ்வரி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு அரசாங்க வைத்தியரிடம் போனார். வைத்தியர் பிள்ளையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். இது என்ன நிறம், இன்றைக்கு என்ன கிழமை, ஐந்தும் மூன்றும் எத்தனை. துஷாந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று தாயால் சொல்லியிருக்க முடியும். அவர் சொல்லவில்லை. அந்த அறையில் அவரும் வாய் திறக்காமல் இருந்ததைப் பிற்காலத்தில் எனக்குச் சொன்னபோது கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். வைத்தியர் எழுதிக் கொடுத்தார்.

மேபல் சொன்னது நடந்தது. ஆனால் உடனே இல்லை. அந்த வகுப்பில் ஹபீலா என்று ஒரு பிள்ளை இருந்தாள். ஒழுங்கை முகப்பில் கைப்பைக் கடை வைத்திருந்தவரின் மகள். அவளுக்கு நாக்குத் திரும்பாது. சொல்வது யாருக்கும் விளங்காது. விளங்காவிட்டால் தலையைச் சுவரில் மோதுவாள். துஷாந்தி அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஹபீலா சொல்வதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஹபீலா எதையோ திரும்பத் திரும்பச் சொல்லி, தலையை மோதத் தொடங்கியபோது, துஷாந்தி எழும்பி நின்றாள்.

"ரீச்சர், யன்னலைச் சாத்தட்டாம். வெயில் கண்ணில குத்துதாம்."

மேபல் யன்னலைச் சாத்தினார். ஒன்றும் நடக்காதது போல் கரும்பலகைக்குத் திரும்பினார். பின்னேரம் கட்டடத்துக்கு வந்து தாயிடம் சொன்னபோதுதான் அழுதார்.

அந்த வருடம் முழுவதும் துஷாந்தி ஹபீலாவுக்காகக் கதைத்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளுக்காக. கடைசியில் தனக்காகவும். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "அன்ரி, அம்மா கொஞ்சம் சீனி கேட்டவ," என்று சொன்ன நாளில் நான் கதவடியில் அப்படியே நின்றுவிட்டேன்.

இதற்கிடையில் காப்புறுதித் திட்டம் புதுப்பிக்கப்பட்டது. ஏற்கெனவே இருக்கும் வலிப்புக்கும் அதோடு தொடர்புள்ள எதற்கும் இனிமேல் இடமில்லை என்று அறிவித்தார்கள். அந்தக் கதவைத் திறந்த பேரே அதை மூடியது. டொக்டர் பேர்னாட், தான் போகும் பொது ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னார். அங்கே வரிசையில் காத்திருக்கவேண்டும். வேறு ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஜெகதீஸ்வரி அரைநாள் லீவு எடுத்துப் போய்க் காத்திருந்தார்.

துஷாந்திக்கு ஐந்தாம் ஆண்டு படிக்கும் வயதானபோது, விசேட பிரிவுப் பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அனுப்புவதில்லை என்று சொன்னார்கள். மந்தபுத்தி என்ற பேரை எடுக்கவேண்டும் என்று ஜெகதீஸ்வரி அதிபரிடம் போனார்.

"எடுத்தால் திரும்பவும் ஒன்பது," என்றார் அதிபர். "மூடிப்போடுவினம்."

ஜெகதீஸ்வரி வெளியே வந்து, மேபலின் வகுப்பு வாசலில் நின்றார். மேபல் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கட்டப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், நான் கேக்கவந்தது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் அக்கா."

"உங்கட வகுப்பு போயிடும்."

"போகும்." மேபல் குனிந்து ஒரு பிள்ளையின் நாடாவை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். "அவள் இங்க இருக்கவேண்டிய பிள்ளை இல்ல. அதை எழுதித் தரவேண்டியது நான்தானே. நாளைக்குத் தாறேன்."

மேபல் எழுதிக் கொடுத்தார். அரசாங்க வைத்தியர் மறுபடியும் கேள்வி கேட்டார். இந்த முறை துஷாந்தி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், மெல்லிய குரலில். பரீட்சை எழுதினாள். பெரிய புள்ளியில்லை, சித்தியடைந்தாள். வருட முடிவில் விசேட பிரிவு மூடப்பட்டது. மேபலை வேறு பள்ளிக்கூடத்தில் சாதாரண வகுப்புக்கு மாற்றினார்கள். ஒன்பது பிள்ளைகளில் சிலரை வேறு எங்கோ சேர்த்தார்கள். ஹபீலாவைச் சேர்க்க ஒருவரும் இல்லை.

ஜெகதீஸ்வரி கைப்பைக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். தனியாகப் போக அவருக்குக் கால் வரவில்லை என்று நினைக்கிறேன். ஹபீலாவின் உம்மா எங்களை உள்ளே இருக்கச் சொன்னார்.

"என்ர பிள்ளையை எடுத்தபடியால்தான் வகுப்பை மூடினவை," என்றார் ஜெகதீஸ்வரி.

"ஒங்கட புள்ளக்கி நல்லதத்தான் செஞ்சீங்க," என்றார் அந்தப் பெண். "நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா எனக்குக் கவலதான். இல்லண்டு சொல்ல மாட்டேன்."

"சனிக்கிழமையில ஹபீலாவை என்ர வீட்டுக்கு அனுப்புவீங்களோ?"

அப்படித்தான் அது தொடங்கியது. மேபலும் சனிக்கிழமைகளில் வந்தார். முதலில் ஹபீலா மட்டும். பிறகு பழைய வகுப்பிலிருந்து இரண்டு பேர். பிறகு எங்களுக்குத் தெரியாத பிள்ளைகள். மூன்றாம் மாடி முன்னறையில் கதிரைகளை வெளியே எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். எங்கள் வீட்டுப் பாய்களும் மேலே போய்த் திரும்பவில்லை.

தமிழர் வீட்டில் கிழமைதோறும் ஆட்கள் கூடுகிறார்கள் என்று யாரோ அறிவித்துப் பொலிஸ் வந்தது. தமிழர்கள் கையில் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டுகளை எல்லாரிடமும் வாங்கிப் பார்த்தார்கள். "மேக்க மொன பந்தியத?" இது என்ன வகுப்பு என்று கேட்டார் அவர்களில் பெரிய அதிகாரி. ஜெகதீஸ்வரிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வகுப்புக்கு அவர் பேர் ஒன்றும் வைத்திருக்கவில்லை. ஹபீலா எழும்பி வந்து அந்தப் பொலிஸ்காரரின் சப்பாத்து நாடாவைப் பிடித்து இழுத்தாள். நாடா அவிழ்ந்தது. அவள் நிலத்தில் இருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதைத் திரும்பக் கட்டத் தொடங்கினாள். முடிச்சுச் சரிவரவில்லை. மறுபடியும் அவிழ்த்தாள். அந்த மனிதர் காலை எடுக்காமல் அவள் கட்டி முடிக்கும் வரை நின்றார். பிறகு பதிவுத் துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு, படியால் இறங்கிப் போனார்.

நாலு வருடம் அது நடந்தது. மேபலுக்கு நீர்கொழும்பில் கலியாணம் ஆகிப் போன பிறகு குறைந்து, நின்றுவிட்டது. காப்புறுதிக்காரர்களிடம் துஷாந்தியின் பெயருக்கு எதிரே வலிப்பு இன்னும் இருக்கிறது. எடுக்கச் சொல்லி டொக்டர் பேர்னாட் இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை. அவளுக்கு அதற்குப் பிறகு ஒருநாளும் உடம்பு விறைத்ததில்லை.

அந்த வருடங்களில் ஒரு சனிக்கிழமை, வத்தளையிலிருந்து ஒரு தகப்பன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தார். வாசலில் நின்றபடியே, பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று எழுதிக்கொண்டு வந்தால் சேர்ப்பீர்கள் என்று கேட்டார். ஜெகதீஸ்வரி பிள்ளையை வாங்கிப் பாயில் இருத்தினார்.

"ஒண்டும் எழுதவேண்டாம், தம்பி. இவருக்கு என்ன விருப்பம் எண்டு சொல்லுங்கோ."

தகப்பன் யோசித்தார். யாரும் அதைக் கேட்டதில்லை போலும்.

"ரயில் பாக்க விருப்பம்," என்றார்.

துஷாந்தி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து யன்னலடிக்குக் கூட்டிப்போனாள்.