கௌரி துடைக்கும் அறை

"நீங்கள் தமிழோ? இஞ்சை வாங்கோ, இதைப் பாருங்கோ!"

வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு படக்கடை வாசல். முன்பின் தெரியாத ஓர் அம்மா என் சட்டைக்கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறார். பெயர் கௌரியாம். சுவரில் கண்ணாடி போட்ட நீர்வண்ணப் படம் ஒன்று. பச்சை சோபா, பாதி திறந்த சன்னல், தரையில் எலுமிச்சை நிற வெயில்.

"எங்கடை சிஞ்ஞோரா, நான் வேலை செய்யிற வீட்டு அம்மா, கீறினது, அவவின்ரை வீட்டு அறை. பத்து வருசமாய் நான்தான் துடைக்கிறன். மேல் மூலையிலை பாருங்கோ, சிலந்தி வலையும் கீறி வைச்சிருக்கிறா! பாக்கிற சனம் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?"

உண்மைதான். சாம்பல் நிறத்தில் மயிரிழை மயிரிழையாக ஒரு வலை. என்ன கை இது என்று சொக்கிப்போகிறேன்.

"நிஜ வலை மாதிரியே இருக்கே!"

கௌரி என்னை முறைக்கிறார். பிறகு மூக்கு முட்டுமளவு கிட்டப் போய்ப் பார்த்து, விரலால் ஓர் இழுப்பு இழுக்கிறார். வலை விரலோடு வந்துவிடுகிறது!

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைக்காரர் முகம் தக்காளியாகச் சிவக்கிறது. கௌரி கைப்பையிலிருந்து துணியை எடுத்துக் கண்ணாடியை அழுத்தித் துடைக்கிறார்.

"அதுதானே பாத்தன். என்ரை அறையிலை சிலந்தியோ?"